வாடாமல்லி வந்த வழி



எங்க பிள்ளையார்பாளையத்துல "வாடாமல்லி கலர்"னு சொன்னா தறி வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் புரியும். சிவப்பு ஓடுற ஊதாப் பட்டு அது. அந்தக் கலரைப் பூவிலிருந்து எடுப்பதில்லை. சாயப் பட்டறையில் ஏற்றுகிற சாயம். பேர் மட்டும்தான் பூவோடது. புடவையில் பேர் நிலைத்துவிட்டது. ஆனால் எங்க தெருவில் செடி குறைந்துகொண்டே வருகிறது. அதனால்தான் அதன் வரலாற்றை எழுதுகிறேன்.

வாடாமல்லியின் தாய்வீடு கடல் தாண்டி, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா பக்கம். 1492-ல் கொலம்பஸ் அந்தப் பக்கம் போன பிறகுதான் மிளகாய், நிலக்கடலை, பப்பாளி எல்லாம் நம்ம நாட்டுக்கு வந்தன. இதுவும் அப்படி வந்ததுதான். கொச்சியில் இருந்த டச்சு அதிகாரி வான் ரீடு, மலையாளக் கரைச் செடிகளைப் பற்றி 12 பாகங்களில் ஒரு பெரிய புத்தகம் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதிலே இந்தப் பூ 'வாடாப்பூ' என்ற பேரோடு இருக்கிறது. வெளியூர்ச் செடிக்கு 300 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம பக்கத்துப் பேர் வைத்துவிட்டார்கள்!

முளைக்கீரை, தண்டுக்கீரை குடும்பம்தான் இதுவும். நாம் பூ என்று பார்க்கும் ஊதா நிறம் காகிதம் மாதிரி காய்ந்த செதில்கள். நிஜப் பூ உள்ளே பொடிசாக இருக்கும். அதனால்தான் பறித்துக் காய்ந்தாலும் நிறம் போவதில்லை.

கோடையில் குழாய்த் தண்ணீர் குறையும்போது மல்லிகைக்கு ஊற்ற மனசு வராது. வேர் பிடித்த வாடாமல்லிக்கு அந்தக் கவலை இல்லை. கத்தரி, வெண்டை ஓரத்தில் விதைத்து, காய்ந்த இலையால் மூடாக்குப் போட்டால், பாத்திரம் கழுவிய தண்ணீரே எங்க வீட்டில் போதுமாக இருக்கிறது. பட்டாம்பூச்சியும் தேனீயும் வரும், காய்கறியும் நன்றாகப் பிடிக்கும். வெள்ளி செவ்வாய் சாமிக்குப் பூ வாங்கும் காசும் மிச்சம்.

ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. இது ஒரு வருஷச் செடி. பூத்து, விதை விட்டு, செத்துப்போகும். கீழே விழுந்த விதை முளைக்கும். ஆனால் வாசலெல்லாம் சிமெண்ட் போட்டபின் அது எங்கே விழும்? யாராவது காய்ந்த பூவை எடுத்துவைத்து மறு வருஷம் உதிர்த்து விதைத்தால்தான் உண்டு. இத்தனை வருஷம் அப்படி எடுத்துவைத்த பெண்களின் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் கைதான் இந்தப் பூவின் வரலாறு.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு பொட்டலம் விதை கொண்டுவருகிறேன். ஆளுக்கு நாலு பூ எடுத்துக்கோங்க. அடுத்த வருஷம் நீங்க நாலு பேருக்குக் கொடுங்க.