எஸ்டேட்டுக்குப் போறவங்க

காலை ஏழரை மணி பஸ். அம்பத்தூரில் கண்டக்டர் குரல் கொடுப்பார்: “எஸ்டேட்லாம் எறங்கு!” பாதி பஸ் காலியாகிவிடும். டிபன் பாக்ஸ் பையோடு இறங்கும் இவர்களில் யாருக்கும் அங்கே ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. ஆனாலும் கேட்டால், “எஸ்டேட்டுக்குப் போறேன்” என்றுதான் சொல்வார்கள்.

கோத்தகிரியிலிருந்து எங்கள் தெருவுக்குக் கல்யாணமாகி வந்த ஒரு அக்கா, வந்த புதிதில் கேட்டார்: “இங்க மலையே இல்லையே, எஸ்டேட் எங்க இருக்கு?” தெருவே சிரித்தது. நானும்தான். அந்தச் சொல்லின் கதையைத் தேடிப் போன பிறகுதான், அது சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை என்று புரிந்தது.

எஸ்டேட்டின் வேர் லத்தீன் மொழியின் ‘ஸ்டேட்டஸ்’. நிலை, அந்தஸ்து என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஒருவரின் அந்தஸ்தை அவர் நிலத்தை வைத்து அளந்த காலத்தில், சொல்லும் நிலத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் முன்னால் ‘இண்டஸ்ட்ரியல்’ சேர்ந்த கதை மான்செஸ்டர் பக்கத்தில் நடந்தது. டிராஃபோர்டு என்ற பிரபுக் குடும்பத்தின் பண்ணை நிலத்தை ஒட்டி, 1894இல் கப்பல் கால்வாய் திறந்தது. இரண்டே வருடத்தில், 1896இல், குடும்பம் நிலத்தை விற்றுவிட்டது. மான் மேய்ந்த தோட்டம் தொழிற்சாலை மனைகளானது. உலகின் முதல் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் என்று டிராஃபோர்டு பார்க்கைத்தான் சொல்கிறார்கள். அங்கே எஸ்டேட் என்பது உவமையாக வந்த சொல் இல்லை. அது நிஜமாகவே ஒரு பிரபுவின் எஸ்டேட்தான்.

நம்ம ஊரிலும் அந்தச் சொல் முதலில் ஜமீன்களைத்தான் குறித்தது. சென்னை மாகாணத்தின் 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டமும், ஜமீன்களை ஒழித்த 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் பெயரிலேயே அதைச் சுமந்தன. சட்டப்படி எஸ்டேட் ஒழிந்தது. பத்தே வருடத்தில், 1958இல், அரசாங்கமே கிண்டியில் ஓர் எஸ்டேட்டைத் திறந்தது!

இடையில் நடந்த முக்கியமான சங்கதி நம்ம ஆவடியில் நடந்தது. 1955 ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயம்தான் இலக்கு என்று தீர்மானம் போட்டது. பெரிய ஆலைகளை அரசு நடத்தும், சிறுதொழிலுக்கு அரசு கைகொடுக்கும் என்ற காலம் அது. காமராஜர் முதல்வர், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சர். கிண்டியை அடுத்து 1964இல் அம்பத்தூர் எஸ்டேட் வந்தது. ஆயிரம் ஏக்கருக்கும் மேல். நிலம் எடுத்து, ரோடு போட்டு, கரண்டும் தண்ணீரும் கொடுத்து, மனையாகவும் ஷெட்டாகவும் பிரித்துத் தருவதுதான் திட்டம். கையில் தொழில் இருந்து நிலம் வாங்க வசதியில்லாதவர், ஒரு லேத்தோடு முதலாளி ஆகலாம். பக்கத்தில் 1949இலிருந்தே டி.ஐ. சைக்கிள் இருந்தது, பிறகு டன்லப் வந்தது. பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்தே பல ஷெட்டுகள் பிழைத்தன.

இதற்குத் தமிழில் தொழிற்பேட்டை என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் கும்பிட வேண்டும். ஆங்கிலச் சொல்லில் பிரபுவின் வாசனை இருக்கிறது. பேட்டையில் கைவினைஞரின் வாசனை இருக்கிறது. சென்னையில் 1734இல் கம்பெனி நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் சலவைக்காரர்களையும் ஓரிடத்தில் குடியேற்றியது. அதுதான் சிந்தாதிரிப்பேட்டை, சின்னத்தறிப்பேட்டை என்பதன் திரிபு என்பார்கள். கவர்னர் காலெட் பெயரால் வந்த காலடிப்பேட்டையும் நெசவாளர் குடியிருப்புதான். தொழிலுக்காக ஓர் ஊர் என்ற யோசனை மான்செஸ்டரிலிருந்து இறக்குமதி ஆவதற்கு முன்பே நம்மிடம் இருந்தது.

ஆனால் தொழிற்பேட்டை போர்டில் மட்டும் தங்கிவிட்டது. வாயில் நின்றது எஸ்டேட். பொதுவாக நாம் ஆங்கிலக் கூட்டுச்சொல்லை ஒடித்தால் முன்பாதியை வைத்துக்கொள்வோம். செல்போன் ‘செல்லு’ ஆனது மாதிரி. இங்கே மட்டும் முன்பாதியைத் தூக்கிப் போட்டோம். இண்டஸ்ட்ரியல் போய் எஸ்டேட் மிஞ்சியது. இப்போது தரையிலும் அதுவே நடக்கிறது. டன்லப்பில் டயர் உற்பத்தி நின்று பல வருடமாகிறது. டன்லப் என்று பஸ் ஸ்டாப் மட்டும் இருக்கிறது. ஷெட் இருந்த இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்புகின்றன. எஸ்டேட்டுக்கு முன்னால் வேறொரு சொல் வந்து ஒட்டிக்கொள்கிறது: ரியல்.

அந்த அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். அம்பத்தூர் எஸ்டேட் வந்த அதே 1964இல், அக்டோபர் 30ஆம் தேதி, சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்து, 1948க்குப் பிறகு நாடற்றவர்களாக நின்ற தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அவர்களைக் கேட்காமலே முடிவானது. அப்படி வந்து நீலகிரியில் மறுபடி தேயிலைக்கே போன குடும்பங்களில் ஒன்று அக்காவுடையது. அவர் பிறகு அம்பத்தூரில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்.

“எங்க அப்பத்தா போனதும் எஸ்டேட்டு, நான் போறதும் எஸ்டேட்டு,” என்றார் ஒருமுறை. “அங்க சாயங்காலம் கொழுந்த நிறுப்பாங்க. இங்க பீஸ எண்ணுறாங்க.”

மலை எங்கே என்று அன்று அவர் கேட்டது இதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. பெயர் அதேதான், இடம் மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?