முகில் வந்தான், முகில் வந்தாள்

பெங்களூர் அல்சூர் ஏரியை அடுத்த ஒரு தமிழ் இல்லத்தில் நிகழ்ந்த பெயர் சூட்டு விழாவிற்கு அண்மையில் சென்றிருந்தோம். பிறந்தது ஆண் மகவு. 'முகில்' எனப் பெயரிடப் பெற்றோர் விழைந்தனர். குழந்தையின் பாட்டனார் தயங்கினார். "முகில், மலர், நிலா என்பன பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற பெயர்கள் அல்லவா? நாளை பள்ளியில் பிள்ளையை நகையாட மாட்டார்களா?" என்பது அவர் கேள்வி. அவர் ஒருவருக்கு மட்டும் எழுந்த ஐயம் அன்று இது. இன்று பலர் நெஞ்சிலும் நிலவுவது. இதற்கு நம் பழைய வரலாறு கூறும் விடை யாதெனக் காண்போம்.

போர்க்களத்துப் பூக்கள்

பூ மென்மைக்கு அடையாளம்; மென்மை பெண்மைக்கு உரியது; ஆகவே பூவின் பெயர் ஆணுக்குப் பொருந்தாது என்பர். தொல்காப்பியர் காலத் தமிழர் இவ்வாறு கருதவில்லை. அவர் வகுத்த புறத்திணைகள் ஏழனுள் பாடாண் நீங்கலாக வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி என்னும் ஆறும் செடி, கொடி, மரங்களின் பெயர்களே. ஆநிரை கவரச் சென்றவன் சூடியது வெட்சி. பொருது நின்றவன் சூடியது தும்பை. வென்றவன் சூடியது வாகை. சேரனுக்குப் பனம்பூவும், சோழனுக்கு ஆத்தியும், பாண்டியனுக்கு வேம்பும் அடையாள மாலைகளாயின. மறத்தின் உச்சத்தையே மலரின் பெயரால் சுட்டிய மொழி நம்முடையது.

பால் காட்டாப் பெயர்கள்

மக்கட் பெயர்களிலும் இந்நிலையைக் காணலாம். மதுரைக்காஞ்சி பாடியவர் மாங்குடி மருதனார். குறுந்தொகையில் பாடிய பெண்பாற் புலவருள் ஒருவர் அள்ளூர் நன்முல்லையார். ஒருவர் பெயரில் மருதம், மற்றவர் பெயரில் முல்லை. இயற்கை இருவருக்கும் பொதுவாகவே நின்றது.

இதனினும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. குறுந்தொகைப் புலவருள் சிலரின் இயற்பெயர் மறைந்தமையால், அவர்தம் பாடலில் அமைந்த அரிய தொடரே அவர்க்குப் பெயராயிற்று. செம்புலப்பெயல்நீரார், நெடுவெண்ணிலவினார், கல்பொருசிறுநுரையார், அணிலாடுமுன்றிலார் ஆகியோர் அத்தகையோர். செம்மண்ணில் பெய்த மழையும், வானத்து நிலவும், கல்லில் மோதும் நுரையும் அவர்தம் பெயர்கள். இவருள் ஆடவர் யார், மகளிர் யார் எனப் பெயரைக் கொண்டு துணிதல் அரிது. 'ஆர்' என்னும் உயர்வு விகுதி இருபாலார்க்கும் பொது.

ஆயினும் தோற்றத்தால் மயங்கலாகாது. பிசிராந்தையார் பெயரில் பறவை இருப்பதாக எண்ணுவோர் உளர். ஆதன் தந்தை என்பதே ஆந்தை என மருவிற்று என்பது இலக்கணத்தார் கொள்கை. ஆந்தை, கீரந்தை என ஐகாரத்தில் முடிந்த பெயர்களை ஆடவர் தாங்கினர் என்பதும் இங்கே கருதத்தக்கது. ஐகார ஈறு பெண்பாலுக்கே உரியது என்னும் எண்ணம் இதனால் தகர்கிறது.

இலக்கணமும் இதற்கு இடந்தருகிறது. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாய் வருவனவற்றை விரவுப்பெயர் என்பர். சாத்தன் வந்தான் எனின் மனிதன். சாத்தன் வந்தது எனின் காளை. முடிக்கும் வினையே தெளிவு தருகிறது. முகில் வந்தான், முகில் வந்தாள், முகில் வந்தது என்னும் மூன்றும் தமிழுக்கு இயல்பே.

பின்னாளைய சான்றுகள்

இம்மரபு சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட சிவகங்கை வீரர்கள் மருது சகோதரர்கள். மருது என்பது மரத்தின் பெயர். நாட்டு விடுதலைக்காக அயல்நாட்டில் போராடி 1934-இல் மறைந்த செண்பகராமன் பிள்ளையின் பெயரில் செண்பகம் மணக்கிறது. திரைப்பட நடிகர் செந்தாமரை ஆண்; கவிஞர் தாமரை பெண். சூரியநாராயண சாத்திரியார் பரிதிமாற் கலைஞர் ஆனபோது வடமொழிச் சூரியன் தமிழ்ப் பரிதியாயிற்று. வேதாசலம் மறைமலை ஆனபோது மலை மலையாகவே நின்றது.

அங்ஙனமாயின் பாட்டனாரின் ஐயம் எங்கிருந்து வந்தது? ஆறுகளைத் தாயாகக் கண்ட நாடு இது; ஆதலின் காவேரி, கங்கை என்பன மகளிர்க்கே பெரிதும் வாய்த்தன. இருபதாம் நூற்றாண்டின் தனித்தமிழ் எழுச்சியில் பெண் மக்களுக்குக் கயல்விழி, பூங்கொடி, மலர்விழி எனவும், ஆண் மக்களுக்கு நெடுஞ்செழியன், அறிவழகன், இளங்கோ எனவும் பெயர்கள் பெருகின. இயற்கை ஒருபாலும் வீரமும் அறிவும் மறுபாலுமாகப் பங்கிடப்பட்டன. அண்மைக்காலப் பழக்கத்தையே தொன்மரபாகக் கொண்டுவிட்டோம். மனுநூலின் மூன்றாம் அத்தியாயமோ விண்மீன், மரம், ஆறு, மலை, பறவை ஆகியவற்றின் பெயர் கொண்ட பெண்ணை மணத்தலாகாது என்கிறது. அந்நூலின்படி இப்பெயர்கள் பெண்ணுக்கும் ஆகா! மக்கள் அதனைக் கேட்டிருப்பின் கங்கையும் ரோகிணியும் நம் வீடுகளில் இரார். பிற நாட்டிலும் இத்தகைய வரையறை நிலையானதன்று. இலத்தீனில் நிலவு பெண்பால், செருமானியத்தில் ஆண்பால்.

அயலார்க்கும் விளங்கும் பெயர்

பெங்களூரில் வாழும் நமக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. நம் முகில் கன்னடத்தார்க்கு முகிலு, கடல் கடலு, மலை மலெ, தாமரை தாவரெ, வேம்பு பேவு. மல்லேசுவரத்தின் சம்பிகே சாலையில் மணப்பது நம் செண்பகமே. வந்தான், வந்தாள் என நாம் வினையால் பால் உணர்த்துவது போலவே அவர்களும் பந்தனு, பந்தளு என்பர். கன்னடப் பெருங்கவி குவெம்பு தம் ஆண் மக்களுள் ஒருவருக்குப் பூர்ணசந்திர தேஜஸ்வி என முழுமதியின் பெயரையும், மற்றவருக்குக் குயிலும் சைத்ர மாதமும் கலந்த பெயரையும் சூட்டினார். அம்மதியின் பெயர் தாங்கிய மகன் கன்னட எழுத்தாளருள் தலைசிறந்தவராகத் திகழ்ந்து 2007-இல் மறைந்தார். பெயர் அவர் ஆண்மைக்கு ஊறு செய்யவில்லை.

இந்த அல்சூர் ஏரிக்கருகில்தான் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பெற்றது. அதே கிழமையில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பெற்றது. மொழியால் மனம் கசந்த நாள்களையும் கூடிய நாள்களையும் கண்ட இந்நகரில், அண்டை வீட்டார் பொருள் உணர்ந்து அழைக்கத்தக்க தமிழ்ப் பெயர் ஒரு பிள்ளைக்கு அமைதல் பெரும்பேறு.

இவற்றைப் பாட்டனாரிடம் எடுத்துரைத்தோம். அவர் பெயரும் ஒரு மலையின் பெயரே; அதுவும் ஐகாரத்தில் முடிவதே. அதனை நினைவூட்டியபோது நகைத்தார். பின்னர்த் தாமே குனிந்து மழலையின் செவியில் முகில் என மும்முறை ஓதினார்.