வெருகும் மனைக்கோழியும்

சங்க இலக்கியத்தில் யானையையும் புலியையும் பற்றி எழுதப்பெற்ற கட்டுரைகளுக்கு அளவில்லை. நம் சங்கத்தின் மலர்களிலேயே அவை பல வந்திருக்கக்கூடும். ஆனால் வீட்டின் புறக்கடையில் குப்பை கிளறித் திரிந்த கோழியையும், அந்தி நேரத்தில் வேலியோரம் பதுங்கி வந்து அதனைக் கவ்விச் சென்ற வெருகையும் பற்றி எழுதுவார் அரியர். ஓர் அரசனின் யானை போரில் மாண்டால் புலவர் பாடினர். ஓர் ஏழையின் பேடை இரவில் காணாமற் போனால் யார் பாடுவர் என்று கேட்கலாம். பாடியிருக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் செய்தி.

கோழி காட்டுப் பறவையாய் இருந்து மனைப் பறவையானது. செங்காட்டுக் கோழியே வீட்டுக் கோழியின் மூதாதை என்று 1868-இல் வெளியிட்ட நூலில் டார்வின் கூறினார். 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தாய்லாந்தில் பான் நான் வாட் என்னும் இடத்துக் கிடைத்த எலும்புகளையே மிகப் பழைய மனைக்கோழியின் எச்சமாகக் கொள்கிறது. அவற்றின் காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டது. நெல்லும் தினையும் விளைந்த இடத்தை நாடி மரத்திலிருந்து இறங்கி வந்த பறவையே மனிதனிடம் தங்கிவிட்டது என்பது அவ்வாய்வாளர் கருத்து. தென்னாட்டிற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பல கோழிகளின் தோலில் காணும் மஞ்சள் நிறம், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் வழியாக வந்தது என்று 2008-இல் மரபணு ஆய்வாளர் காட்டினர்.

காட்டிலிருந்து வந்தபோது கோழி தன் பழக்கங்களையும் உடன் கொண்டு வந்தது. பொழுது சாய்ந்ததும் உயரமான கிளையில் அடைவது அதன் இயல்பு. இருளில் அதற்குக் கண் தெரிவதில்லை. கிளையில் இருக்கும்வரை அக்குறை பெரிதன்று. மனிதனை நம்பித் தரைக்கு இறங்கிவிட்ட பின்னர், அந்தியும் நள்ளிரவும் அதற்குப் பகைப்பொழுதுகள் ஆயின. வெருகு வேட்டைக்குப் புறப்படுவதும் அப்பொழுதுகளிலேதான்.

வெருகு என்பது எது? காட்டுப்பூனை என்று உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். இங்கே நம் பக்கத்து வீட்டு மலையாள அன்பர்களைக் கேட்டால், வெருகு என்ற சொல்லைப் புனுகுப்பூனைக்கு வழங்குவர். கோழிக் கூட்டிற்கு இரண்டுமே பகைதான். எனினும் சங்கப் பாடல்களில் அது வேலியோரத்தில் உலவுகிறது; வீட்டெலியைப் பார்த்துக் காத்திருக்கிறது. எலியே காட்டுப்பூனையின் முதல் உணவு. ஆதலால் உரையாசிரியர் கொண்ட பொருளே பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களைக் கூறுமிடத்து, கீரி இனமாகிய மூங்காவையும் வெருகையும் எலியையும் அணிலையும் ஒரே நூற்பாவில் அடுக்கி, இவற்றின் இளமைக்குக் குட்டி என்னும் பெயரை உரியதாக்குகிறது. கோழிக் கூட்டின் பகைவர் இருவர் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றனர். அதே மரபியல், அளகு என்னும் பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாக்குவது மற்றொரு வியப்பு. இரவில் குருடாகும் பறவைக்கும் இரவில் வேட்டையாடும் பறவைக்கும் ஒரே பெயர்!

இனி, பாடல்களுக்கு வருவோம். குறுந்தொகையின் 139-ஆம் பாடலை இயற்றியவர் ஒக்கூர் மாசாத்தியார். மாலை வேளை; வேலியில் வெருகு வந்துவிட்டது. குறுங்காலுடைய மனைப்பேடை புகுமிடம் அறியாது திகைத்து, சிதறிக் கிடந்த குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. பரத்தையிடமிருந்து மீண்டு வரும் தலைவனுக்கு, எங்கள் தெருவுக்கு வாராதே என்று வாயில் மறுக்கும் தோழி இவ்வுவமையைக் கூறுகிறாள். அவன் வருகையால் எழும் அலர், அப்பேடையின் கூக்குரல் போன்றதாம். தலைவன் எதுவானான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! இவரே 220-ஆம் பாடலில் முல்லையின் மொட்டுகளுக்கு வெருகு பல்லைக் காட்டிச் சிரிப்பதை உவமையாக்குகிறார். வெருகின் பல்லை அத்தனை அருகில் கண்ட பெண்மணி அவர்.

107-ஆம் பாடலில் நிலைமை தலைகீழாகிறது. அதைப் பாடியவர் மதுரைக் கண்ணனார். கணவனோடு துயின்ற தலைவி, விடியலில் கூவி எழுப்பிய சேவலைச் சபிக்கிறாள். எலி பார்த்திருக்கும் வெருகின் குட்டிக்கு நீ இரையாகி வருந்துவாயாக என்கிறாள். சினத்தில் சொல்லிய சொல்தான். ஆயினும் அன்றாடம் நடப்பதையே அவள் சாபமாக்கினாள்.

மூன்றாவது பாடலே இம்மூன்றனுள் என் நெஞ்சைத் தொட்டது. புறநானூற்று 326-ஆம் பாடலின் ஆசிரியர் தங்கால் பொற்கொல்லனார். இரவில் ஊரின் பழைய வேலியில் வெருகு திரிய, இளம்பேடை உயிர் நடுங்கி அலறுகிறது. பருத்தியின் தூசும் குப்பையும் நீக்குதற்கு எழுந்த ஒரு பெண்ணின் கையில் சிறு விளக்கு. அவ்வொளியில் முருக்கம்பூப் போன்ற கொண்டையை உடைய தன் சேவலைக் கண்டு பேடை அச்சம் தணிகிறது. அவள் விளக்கேற்றியது கோழிக்காக அன்று, தன் வேலைக்காக. கணவரை இழந்தோ பிரிந்தோ வாழும் பெண்டிர் தம் முயற்சியால் நூல் நூற்று வாழ்ந்ததை நற்றிணையின் 353-ஆம் பாடல் காட்டுகிறது. நடுநிசியிலும் வேலை செய்யும் அத்தகையவளுக்குப் புறக்கடைக் கோழிதான் கையிருப்பு. முட்டை விற்ற காசு, குஞ்சு விற்ற காசு, விருந்து வந்தால் குழம்பு யாவும் அதுவே. அப்பேடை அவளுடையதா என்று பாடல் கூறவில்லை. அவளுடையதே என்று கொள்வதில் எனக்குத் தடையில்லை.

பட்டினப்பாலையிலோ காட்சி வேறு. காவிரிப்பூம்பட்டினத்து மகளிர், முற்றத்தில் உலரும் தானியத்தைக் கொத்த வரும் கோழியைக் காதிலிருந்த கனங்குழையைக் கழற்றி எறிந்து ஓட்டுகின்றனர். அக்குழை சிறுவர் உருட்டும் தேருக்குத் தடையாய்க் கிடக்கிறதாம். செல்வர் வீட்டில் கோழி ஒரு தொல்லை. ஏழை வீட்டில் அதுவே உடைமை.

இலக்கியம் கோழியின் அச்சத்தைப் பாடியது. அதனைக் காத்த முறைகளை நாம் நம் பாட்டிமாரிடமே கற்க வேண்டும். மூங்கிற் சிம்பால் முடைந்த பஞ்சாரத்தைக் கவிழ்த்து, தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் உள்ளடக்கி, மேலே ஒரு கல்லை ஏற்றுவர். கல் இல்லாத பஞ்சாரத்தை நாயும் கீரியும் எளிதாகத் தள்ளிவிடும். மண்ணால் கட்டிய கூட்டின் வாயைப் பலகையால் அடைத்துக் கல்லை முட்டுக் கொடுப்பர். தரையைத் தோண்டி நுழையாதவாறு அடியில் கல் பரப்புவர். பகலில் பருந்தும் வல்லூறும் வட்டமிடுகையில் கோழி குஞ்சுகளை அழைத்து ஒதுங்கப் புதரோ திண்ணையோ வேண்டும். இரவுப் பகை வேறு வகையானது. கூட்டினுள் நுழைந்துவிட்ட மரநாய் ஒன்றோடு நிற்பதில்லை. தப்பியோட வழியற்ற பறவைகள் படபடக்கப் படபடக்க, தின்னும் அளவுக்கு மேலும் கொல்லும். ஒருமுறை இரை கண்ட இடத்திற்கு மறுநாளும் வரும். ஆகவேதான் முதல் கோழியை இழந்த அன்றே கூட்டின் பொத்தல்களைத் தேடி அடைப்பது கிராமத்து வழக்கம். எஞ்சியவற்றைக் காப்பதற்கு அவ்வொரு பகலே அவகாசம்.

நாயின் காவலைப் பற்றியும் ஒரு சொல். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவன் நாய் கோவிவனும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்த நாய் அது. விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்தில் போர்ச் சேவலுக்கே நடுகல் எடுத்திருக்கிறார்கள். வெருகின் வாய்ப்பட்ட பேடைக்குக் கல் நாட்டியவர் இல்லை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பூனைக்கும் கீரிக்கும் காப்பளிக்கிறது. ஆகவே அவற்றைக் கொல்வதற்கு இடமில்லை. எலியைத் தின்று வயலைக் காக்கும் விலங்குகளைக் கொல்லாதிருப்பது உழவனுக்கும் நன்றே. பரேலியை அடுத்த இசத்நகரில் 1979-இல் மத்திய அரசு நிறுவிய பறவை ஆராய்ச்சி நிலையம், அசில் இனச் சேவலின் கலப்பால் புறக்கடைக் கோழி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. பகை விலங்குகளிடமிருந்து தன்னைத் தானே காத்துக்கொள்ளும் சுறுசுறுப்பும் சண்டைக் குணமும் உடையதென்று கூறி, அதற்கு அச்சமற்றது என்னும் பொருளில் நிர்பீக் என்று பெயரிட்டனர். அந்தியில் கூட்டில் அடைத்துக் கதவைச் சாத்துவது மட்டும் அந்த நிர்பீக்குக்கும் தப்பாது.