தடை எங்கே இருக்கிறது?

நான்கு நிமிட மைல் கதையைச் சொல்லாத தன்னம்பிக்கைப் பேச்சாளர் இல்லை. ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓட மனிதனால் முடியாது என்று உலகமே நம்பியதாம். ரோஜர் பேனிஸ்டர் ஓடிக் காட்டியதும் எல்லாருடைய மனத்தடையும் உடைந்ததாம். "தடை உன் மனதில்தான்" என்று கைதட்டல் வாங்குவார்கள்.

நடந்தது வேறு. 1945லேயே ஸ்வீடன் வீரர் குன்டர் ஹேக் 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடிவிட்டார். மீதி இருந்தது ஒன்றரை விநாடி. பேனிஸ்டர் மருத்துவ மாணவர். ஓடுபொறியில் ஓடவைத்து, சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனைக் கூட்டினால் உடல் எவ்வளவு தாங்கும் என்று ஆராய்ந்தவர். கால் மைல் ஓட்டம் பத்து, இடையிடையே இரண்டு நிமிடம் ஓய்வு. இப்படிப் பயிற்சி செய்து, கால் மைலுக்கு 66 விநாடி எடுத்தவர் 59க்கு வந்தார். 1954 மே 6, ஆக்ஸ்போர்டில் பிராஷரும் சாட்டவேயும் முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுத்தார்கள். நேரம்: 3 நிமிடம் 59.4 விநாடி. 46 நாள் கழித்து ஜான் லாண்டி பின்லாந்தில் அதை முறியடித்தபோதும் அவரை விரட்டியபடி ஓடியவர் அதே சாட்டவே.

ஆக, 'முடியாது' என்பதை அவர் வெறும் நம்பிக்கையால் வெல்லவில்லை. அளந்து பார்த்து வென்றார். ஆய்வகம், ஓடுதளம், கூட ஓட நண்பர்கள், எல்லாம் அவருக்கு இருந்தன.

இவை எதுவும் இல்லாதவர் பல்வங்கர் பாலு. சமார் சாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் ஆடுகளம் பராமரித்த தொழிலாளி. வலைப்பயிற்சியில் அவர்களுக்குப் பந்து வீசி வீசியே தேர்ந்த சுழற்பந்து வீச்சாளரானார். இந்து அணி அவருடைய பந்துவீச்சை ஏற்றுக்கொண்டது. தேநீரை மட்டும் பெவிலியனுக்கு வெளியே, மண்குவளையில் கொடுத்தது. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். ஆனாலும் இந்து அணியின் கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1923இல்தான் தம்பி வித்தல் அந்தப் பதவிக்கு வந்தார்.

பாலுவுக்கு என்ன மனத்தடை? தடை பெவிலியன் வாசலில் அல்லவா இருந்தது!

தோழர்களே, நம் தங்கை ஒருத்தி "எனக்கு ஓட வராது" என்று சொன்னால் உபதேசம் வேண்டாம். கடிகாரத்தை எடுங்கள். இன்றைய நேரத்தைக் குறித்துவையுங்கள், ஒரு மாதப் பயிற்சிக்குப் பிறகு மறுபடி குறியுங்கள். வராது என்பது உண்மையா, யாரோ சொல்லி அவள் நம்பியதா என்று அந்த எண்கள் சொல்லும். கூடவே இன்னொரு கணக்கும் எடுங்கள்: ஊர் மைதானத்தில் யார் ஓடுகிறார்கள், யார் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள்? முதல் கணக்கு அவளுக்கு. இரண்டாவது, நாம் சேர்ந்து போய் ஊராட்சியில் கேட்க.