வீரன் காத்த நிரையும் எண் காத்த நிரையும்

மாடு களவு போனால் இழப்பு யாரைச் சாரும்? ஆநிரைக் காவலின் வரலாற்றைப் பேசுவோர் முதலில் எழுப்ப வேண்டிய வினா இதுவே. வேங்கடத்தை வடவெல்லையாகக் கொண்ட பழந்தமிழகத்தின் வடபகுதி இவ்வினாவுக்கு இருவகை விடைகளைக் கல்லில் விட்டுச் சென்றிருக்கிறது. ஒன்று ஊர்ப்புறத்து நடுகல். மற்றொன்று கோயிற்சுவர்க் கல்வெட்டு.

நடுகல்லின் விடை நேரடியானது: காவலன் உயிரே ஈடு. பகைவர் நிரையைக் கவர்வது வெட்சி, அதனை மீட்பது கரந்தை என இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழிக் கல்வெட்டு 'ஆகோள்' என்றே இச்செயலைக் குறிக்கிறது. பிற்கால நடுகற்கள் நிரையைத் 'தொறு' என்கின்றன. கன்னட வீரக்கற்களில் அது 'துறு'. பாணர், கங்கர், நுளம்பர், வைதும்பர் எனப் பல அரச குலங்கள் மோதிக்கொண்ட எல்லைநிலம் இன்றைய சித்தூர்ப் பகுதி. அத்தகைய நிலத்தில் தொறு கொள்வது வெறுங்களவு அன்று, போரின் முதற்படி.

ஆயினும் எல்லா நடுகற்களும் வேந்தர் போரைப் பேசுவதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண அரசரின் உறவினர்வழி வந்த கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காத்து வீழ்ந்தான். அவனுடைய நாய் கோவிவன், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. வீரனுக்கு அருகே அந்த நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் பெயர் கல்லில் இல்லை. நாயின் பெயர் உண்டு.

கோயிற்சுவரின் விடை வேறு. நந்தாவிளக்கு ஒன்று எரிய 90 அல்லது 96 ஆடுகளோ, 32 பசுக்களோ கொடையாக அளிக்கப்பட்டன. அவற்றை ஏற்ற மன்றாடிகள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடன்பட்டனர். கல்வெட்டுகள் இவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று அழைக்கின்றன. ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும்; களவும் போகும். ஆனால் எண் சாகாது. ஈன்ற குட்டிகளைக் கொண்டு இடையர் குறையை நிரப்பிக்கொள்ள வேண்டும். எது நேர்ந்தாலும் நெய் நிற்கக் கூடாது. தனித்தனி விலங்கை அடையாளம் காணும் தேவையையே இவ்வேற்பாடு நீக்கிவிட்டது. கோயில் மந்தையை எண்ணவில்லை, நெய்யை அளந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலில் இம்முறை முழு வளர்ச்சி பெற்றது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்ற கணக்கில் அவற்றை ஏற்ற இடையரின் பெயரும், அவர்களுக்குப் பிணை நின்ற உறவினர் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஓர் ஆடு ஓநாய்க்கு இரையானாலும், பஞ்சத்தில் மடிந்தாலும், இரவில் களவு போனாலும் அச்சுமை இறுதியில் அந்தக் குடும்பங்களின் மேலேயே விழுந்தது. இக்கொடைகளைப் பக்தியின் சான்றாக மட்டும் வாசிப்பது பாதி வாசிப்பே. அவை இழப்பைக் கோயிலிடமிருந்து இடையனுக்கு மாற்றிய ஒப்பந்தங்களும் ஆகும்.

இன்று மாட்டின் காதில் 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை தொங்குகிறது. சாவா மூவாக் கணக்குக்கு நேர் எதிரான முறை இது: மந்தையை விட்டுத் தனி விலங்கைப் பின்தொடர்கிறது. ஆயினும் எண்ணைச் சுற்றிய ஐயம் தீரவில்லை. திருப்பதிக் கோசாலையில் இறந்த பசுக்கள் எத்தனை என்பது 2025 ஏப்ரலில் அரசியல் சர்ச்சையாயிற்று. கூறப்பட்ட எண்ணிக்கையைத் தேவஸ்தானம் மறுத்தது. எதிர்க்கட்சிக்கும் நிர்வாகத்துக்கும் இடையே நடந்த அந்த வழக்காடலில் மையமாக நின்றது ஒரு பதிவேட்டுக் கணக்கே.

காது வில்லை, மாடு எது என்று சொல்லும். அது தொலைந்த இரவில் யார் காவலில் நின்றார், இழப்பை யார் சுமந்தார் என்று சொல்லாது. நடுகல்லும் கோயிற்சுவரும் அதைச் சொல்கின்றன. வயலோரத்தில் துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் கிடக்கும் நடுகற்களைக் காண்போர், அவை ஒரு காவலனின் பெயரைத் தாங்கிய ஆவணங்கள் என்பதை உணர்ந்து, அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.