பத்து ரூபாய் நாய்

பீர்க்கன்கரணை ஏரிப்பக்கம் ஒரு ராத்திரி மணியை நடக்கக் கூட்டிப் போயிருந்தேன். தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து ஒட்டிக்கொண்ட நாட்டுநாய் அவன். குரைத்தான் என்று ஒருவர் சவுக்குக்கட்டையால் அவன் முதுகில் அடித்தார். மறுபடி ஓங்கியபோது கட்டையைப் பிடுங்கி அவர் கையில் ஒன்று போட்டேன். அவர் ஓடினார். கட்டையோடு நானும் பின்னால் ஓடினேன். தெருமுனை வீட்டு அக்காதான் நிறுத்தினார்: "விடுப்பா தம்பி, அதான் ஓடிட்டான்ல."

அன்று தூக்கமே வரல. நான் செய்தது சரியா? நிபந்தனைகளை வரிவரியாகப் படிப்பது என் தொழில். சட்டத்தைத் திறந்தேன்.

மெக்காலேயின் சட்ட ஆணையம் 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது இந்திய தண்டனைச் சட்டம். உடலையும் சொத்தையும் காக்கப் பலத்தைப் பயன்படுத்தலாம் என்றது அதன் 97ஆம் பிரிவு. நாய் இதில் சொத்துப் பக்கம்தான். திருட்டை விளக்கும் 378ஆம் பிரிவிலேயே ஓர் உதாரணம் உண்டு: சட்டைப்பையில் தீனி வைத்து அடுத்தவர் நாயைக் கள்ளத்தனமாக இழுக்கிறான் ஒருவன். நாய் பின்தொடரத் தொடங்கியதுமே திருட்டு முடிந்துவிடுகிறது.

ஆக, மணியை அடிப்பவரை நான் தடுக்கலாம். ஆனால் தேவைக்கு மேல் காயம் கூடாது. போலீசிடம் போக அவகாசம் இருந்தால் கைவைக்கக் கூடாது. இரண்டும் 99ஆம் பிரிவு. கொள்ளை, ராத்திரியில் வீடு உடைப்பு, நம் உயிருக்கே ஆபத்து போன்ற சூழல் இல்லாதவரை, நாய்க்காக ஆளைக் கொல்ல உரிமை கிடையாது. என்னைச் சுட்டது 105ஆம் பிரிவு. சொத்துக்குச் சேதம் நடந்துகொண்டிருக்கும் வரைதான் தற்காப்பு. அவர் திரும்பி ஓடியதும் என் உரிமை முடிந்துவிட்டது. அதன்பின் நான் ஓடிய ஒவ்வொரு அடியும் வெறும் கோபம்.

சட்டம் மணிக்கு விலையும் கேட்டது. பத்து ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள விலங்கைக் கொன்றால் இரண்டாண்டு வரை சிறை என்றது 428ஆம் பிரிவு. மாடு, குதிரைக்கும் ஐம்பது ரூபாய் பெறும் மற்ற விலங்குக்கும் ஐந்தாண்டு. அந்த ரூபாய்க் கணக்கு 2024 ஜூன் வரை நீடித்தது. ஜூலை 1இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் விலையே இல்லை. எந்த விலங்கானாலும் ஐந்தாண்டு வரை. தற்காப்பு விதிகளில் மட்டும் நாய் இன்னும் சொத்துதான்.

நம் ஊரில் இதைவிடப் பழைய ஆவணம் ஒன்று இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல். ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல் அது. கூடவே அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். விலை எதுவும் இல்லை. கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்குத் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

கடித்தது, காத்து நின்றது. துரத்திக்கொண்டு போனதாகக் கல்லில் இல்லை. அன்று நான் ஓடியபோது, அடிபட்ட மணி இருட்டில் தனியாக நின்றிருந்தான். அவன் பக்கத்தில் அல்லவா நான் இருந்திருக்க வேண்டும்?