உள்ளாட்சி உறுப்பினர் செய்திமடல் (காவேரிப்பட்டினம் வட்டாரம்)

உள்ளாட்சி உறுப்பினர் செய்திமடல் என்பது, வார்டு கவுன்சிலரோ பேரூராட்சித் தலைவரோ ஊராட்சி மன்றத் தலைவரோ தம் பகுதி மக்களுக்கு இடைத்தரகர் இல்லாமல் எழுத்தில் அனுப்பும் செய்தி. அமெரிக்க, பிரிட்டிஷ் நகரங்களில் இது பெரும்பாலும் மின்னஞ்சலாகப் போகிறது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் மின்னஞ்சல் முகவரி என்பது வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பிரவுசிங் சென்டரில் உண்டாக்கி, கடவுச்சொல்லோடு மறந்துபோவது. ஆகவே இங்கே அந்த வேலையை வாட்ஸ்அப் குழு செய்கிறது. கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையே தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்த காவேரிப்பட்டினம் பேரூராட்சியையும், அதன் வடமேற்கே ஓசூர்வரை நீளும் தொழில் வட்டாரத்தையும் எடுத்துக்கொண்டால், இந்த வழக்கம் எப்படி வேர்பிடித்தது, எதற்காக அது வாசிக்கப்படுகிறது என்பது தெளிவாகிறது.

கவுன்சிலர் இல்லாத ஆண்டுகள்

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. கிருஷ்ணகிரி உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகள் 2022 பிப்ரவரி 19 வரை காத்திருந்தன. காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி, ஓசூர் மக்களுக்கு ஐந்தாண்டுக்கும் மேலாகக் கவுன்சிலரே இல்லை.

இதே இடைவெளியில்தான் கைபேசி ஊரை மாற்றியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இணையக் கட்டணம் சரிந்தது. பால் சொசைட்டி, மாங்காய் மண்டி, பள்ளிப் பெற்றோர், கோயில் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் ஒரு குழு முளைத்தது. 2022 மார்ச் 2 அன்று பதவியேற்ற புதிய உறுப்பினர்கள் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் பேசிப் பழகிய மக்களிடம் வந்து சேர்ந்தார்கள். முந்தைய தலைமுறைக் கவுன்சிலர் டீக்கடை பெஞ்சில் சொன்னதை இவர்கள் கைபேசியில் தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள்.

பிரதிநிதி இல்லாமல் போனதன் விலை காவேரிப்பட்டினம் போன்ற ஆற்றோர ஊர்களுக்கு நன்றாகத் தெரியும். ஊருக்கு மேலே, ஆற்றின் குறுக்கே 1950களில் கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணை நிற்கிறது. 2017 நவம்பர் 29 அன்று அதன் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் பாய்ந்தது. கிருஷ்ணகிரி முதல் கடலூர்வரை ஐந்து மாவட்டங்களின் கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடப்பட்டது. அந்த எச்சரிக்கையைத் தெருத்தெருவாகக் கொண்டுபோகவேண்டிய வார்டு உறுப்பினர் என்று அப்போது ஒருவரும் பதவியில் இல்லை. அந்த வேலையை வருவாய்த் துறையும் காவல் துறையும் செய்தன. எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் முதியவர் இருக்கிறார் என்பதை வார்டுக்காரர் அறிவதுபோல் மாவட்ட அலுவலகம் அறிய வழியில்லை.

தண்டோராவும் ஆட்டோ மைக்கும்

இதற்கு முன்பு ஊருக்குச் செய்தி சொன்னது தண்டோரா. பறையோ தமுக்கோ அடித்து, வரி கட்டும் கெடு, ஏலம், கிராமக் கூட்டம் ஆகியவற்றைக் கூவிச் சொல்லும் அந்த வேலை பட்டியல் சாதியினர் தலையில் கட்டப்பட்டிருந்தது. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதி, தண்டோரா போடுவதை நிறுத்தி, ஒலிபெருக்கி பொருத்திய வாகனங்களைப் பயன்படுத்தச் சொன்னார். நெடுநாள் முன்பே வந்திருக்கவேண்டிய உத்தரவு அது. மைக் கட்டிய ஆட்டோ இன்றும் ஓடுகிறது. ஆனால் அது தெருவைக் கடக்கும் அரை நிமிடத்தில் வீட்டில் ஆள் இருந்தால்தான் செய்தி சேரும். பேரூராட்சி அலுவலகத் தகவல் பலகையில் ஒட்டிய தாளை வரி கட்ட வருபவர் மட்டும் பார்க்கிறார். எழுத்தாகக் கைக்கு வரும் செய்தி இரவு பத்து மணிக்கும் படிக்கக் கிடைக்கிறது.

இந்த வட்டாரத்தில் அது சிறிய வசதி இல்லை. ஓசூர், போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் மைக் சத்தமும் தெரியாது, பகல் பதினோரு மணிக் கூட்டமும் தெரியாது. ஊரில் வீடு வைத்துவிட்டுப் பெங்களூரில் தங்கி வேலை பார்ப்பவருக்கும் குழுச் செய்திதான் ஊரோடு உள்ள தொடர்பு.

எது வாசிக்கப்படுகிறது

வார்டுக் குழுவில் வரும் வழக்கமான செய்தி இரண்டு வரிதான்: நாளை காலை மோட்டார் பழுது பார்ப்பதால் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வராது, இன்றே பிடித்து வைத்துக்கொள்ளவும். இதை எல்லோரும் படிக்கிறார்கள். புளோரைடு கலந்த நிலத்தடி நீரால் நெடுங்காலம் மக்களின் பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம் கிருஷ்ணகிரி. ஜப்பான் நிதியுதவியோடு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான் நல்ல தண்ணீருக்குப் பெரிய ஆதாரம். அந்தக் குழாயில் தண்ணீர் எந்த நாள், எத்தனை மணிக்கு வரும் என்பதைவிடப் பெரிய செய்தி வீட்டுப் பெண்களுக்கு இல்லை.

அடுத்தது வீட்டு வரி. புதிய மன்றங்கள் அமர்ந்த ஒரு மாதத்துக்குள், 2022 ஏப்ரலில், சொத்து வரிச் சீராய்வு வந்தது. 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 விழுக்காடு என்று உயர்வு படிப்படியாக அமைந்தது. தன் வீடு எந்தப் படியில் வருகிறது, மறு அளவீட்டுக்கு யாரிடம் மனு கொடுப்பது என்று கேட்டவர்களுக்கு உறுப்பினர் எழுதிய விளக்கமே முதல் பதில். தெருவிளக்கு, சாக்கடை, குப்பை வண்டி நேரம் ஆகியவை இதற்குப் பின்னால் வருகின்றன. தலைவருக்குச் சால்வை போர்த்தும் படங்களை யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை.

வாசகர் பெருகுகிறார்கள் என்பதற்கு எண்ணிக்கை காட்டுவோர் கவனமாக இருக்கவேண்டும். மின்னஞ்சல் திறக்கப்பட்டதா என்ற கணக்கே 2021இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாட்டுக்குப் பிறகு நம்பத்தகாததாகிவிட்டது. வாசகர் தொடாத மடலும் திறந்ததாகப் பதிவாகிறது. வாட்ஸ்அப் குழுவின் உச்ச வரம்பு 2022இல் 1,024 பேராக உயர்ந்ததால் ஒரு சிறிய வார்டின் வீடுகளெல்லாம் ஒரே குழுவில் அடங்குகின்றன. ஆனால் அடங்கியவர் அனைவரும் வாசகர் அல்லர். செய்திக்குப் பின் தண்ணீர் பிடித்து வைத்தார்களா, கூட்டத்துக்கு வந்தார்களா என்பதே சரியான அளவுகோல்.

வெளியூர் முன்னோடிகள்

உள்ளூர்ப் பிரதிநிதியின் மடலை அரசியல் ஆயுதமாக்கிக் காட்டியது இங்கிலாந்து. லிவர்பூலில் டிரெவர் ஜோன்ஸ் முதலிய லிபரல் கட்சியினர் 1960களின் இறுதியிலிருந்து 'ஃபோகஸ்' என்ற துண்டுத்தாளைத் தேர்தல் இல்லாத மாதங்களிலும் வீடு வீடாகப் போட்டார்கள். உடைந்த நடைபாதையும் எரியாத விளக்குமே அதில் செய்தி. 1973இல் அந்நகர மன்றத்தில் அவர்கள் முதலிடம் பிடித்தார்கள். அமெரிக்காவில் 2005க்குப் பின் செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மூடப்பட்டன. நகர மன்றக் கூட்டத்துக்கு நிருபர் வராத ஊர்களில் உறுப்பினரின் மின்னஞ்சல் மடலே செய்தியாகிவிட்டது. இதில் ஆபத்தும் உண்டு: தன் வேலையைத் தானே மதிப்பிட்டு எழுதுபவர் தோல்வியை எழுதமாட்டார்.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற மக்கள் அமைப்பு 1994இல் தொடங்கிய மக்கள் விசாரணைகள் வேறு வழி காட்டின. ஊராட்சிச் செலவுப் பட்டியலை ஊர் நடுவில் வாசித்து, கூலி வாங்கியதாகப் பெயர் உள்ளவரையே எழுப்பிக் கேட்டார்கள். நமக்கு நெருக்கமான முன்மாதிரி இதுதான். நம் வார்டு மடல்களில் இல்லாமல் இருப்பதும் இந்தச் செலவுக் கணக்குதான்.

சட்டமும் குறைகளும்

தகவல் உரிமைச் சட்டம், 2005இன் நான்காம் பிரிவு, யாரும் கேட்காமலே வரவுசெலவையும் பயனாளிகள் விவரத்தையும் வெளியிடும்படி பொது அமைப்புகளுக்குக் கட்டளையிடுகிறது. ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்தது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்து ஆறாயின. நகர்ப்புறங்களில் கிராம சபை போன்ற பகுதி சபைக்கும், சட்டப்படியான வார்டு குழுவுக்கும் 2022இல் விதிகள் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைகள் கூடின. கூட்ட நாளையும் பொருளையும் முன்கூட்டியே சொல்வதும், தீர்மானத்தையும் செலவையும் பின்னர் சொல்வதும் மடலின் வேலையாக இருக்கவேண்டும்.

நடைமுறையில் குறைகள் பல. வாட்ஸ்அப் குழு கவுன்சிலரின் சொந்த எண்ணில் இயங்குகிறது. கட்சிச் செய்தியும் காலை வணக்கமும் தண்ணீர் அறிவிப்பை மேலே தள்ளிவிடுகின்றன. குறை சொன்னவரைக் குழுவிலிருந்து நீக்குவதும் நடக்கிறது. உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட தமிழ்நாட்டில், பெண் உறுப்பினர் பெயரிலான குழுவைக் கணவர் நடத்துவது பரவலான வழக்கம். பெண் உறுப்பினரே எழுதாத மடல் அவருடைய மடல் ஆகாது. ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ளவர்களுக்கும், காவேரிப்பட்டினத்து உருது பேசும் குடும்பங்களுக்கும் எழுத்துத் தமிழ் சில வேளை தடையாகிறது. அங்கே குரல் பதிவு உதவுகிறது.

கிருஷ்ணகிரி மாவட்ட ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து மீண்டும் தனி அலுவலர்கள் வந்தபோது, தலைவர்களின் குழுக்களுக்கும் அடிப்படை போயிற்று. 2022இல் பதவியேற்ற பேரூராட்சி உறுப்பினர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைவடைகிறது. மடல் ஆளோடு போகாமல் அலுவலகத்தோடு தங்கவேண்டுமானால், அதைப் பேரூராட்சியின் பெயரில் மாதம் ஒருமுறை வெளியிட்டு, ஒரு படியை ஊர் நூலகத்தில் வைக்கவேண்டும். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, வீட்டு வரியோடு நூலக வரியையும் ஊரார் செலுத்தி வருகிறார்கள். அந்த நூலகத்தில் தங்கள் வார்டின் கணக்கு இருக்கவேண்டும் என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அடுத்த பகுதி சபையிலேயே கேட்கலாம்.